ஐப்பசிக்கு முன் ஒரு மெஷின்



ஆவணி பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களில் விறகு வாசம் அடிக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் வெட்டி, பிளந்து, காயவைத்து, அடுக்கிவிட வேண்டுமே என்ற கவலை. வெட்டுக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல் வழக்கமாக வரும். இந்த வருடம் புலம்பலைத் தாண்டி ஒரு கேள்வியும், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில், பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது: "நடுத்தர சைஸில் ஒரு செயின்சா வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கட்டும்?"

கேட்டவர்களில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டுகிறவர்கள் அதிகம். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்காரர்கள், கல்யாண மண்டபங்களுக்கு விறகு போடுகிற ஒரு கடைக்காரர், கரிமூட்டம் போடுகிற ஒரு மகளிர் குழு. தனித்தனியாகப் பதில் எழுதி மாளாது என்பதால் இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தையே இதற்கு ஒதுக்கிவிட்டேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 45 முதல் 50 சிசி எஞ்சின், 16 இஞ்ச் அல்லது மிஞ்சினால் 18 இஞ்ச் பார், பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் அந்த மெஷினுக்கு உதிரி பாகம் வைத்திருக்கிற ஒரு கடை. இந்த மூன்றில் கடைசியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பார்க்கிறோம். எத்தனை சிசி, எத்தனை இஞ்ச், என்ன விலை என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

என்ன மரம் அறுக்கப் போகிறோம் என்பதைக் கடைக்காரர் கேட்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலம் ஒற்றை மரமாக நெட்டுக்குத்தலாக வளர்வது குறைவு. தூரிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து, வளைந்து, முள்ளோடு படர்ந்து நிற்கும். கட்டை கனம், கடினம். ஆனால் பருமன் என்று பார்த்தால் ஓர் அடிக்கு மேல் போகிற தடி அபூர்வம். கையளவு, தொடையளவுதான் பெரும்பாலும். பட்டையின் வெடிப்புகளில் செம்மண்ணும் கரம்பை மண்ணும் வருடக்கணக்காக ஏறிப் படிந்திருக்கும். செயினின் கூரைத் தின்பது மரத்தைவிட அந்த மண்தான். சவுக்கு இதற்கு நேர்மாறு. நாலைந்து வருடத்தில் வெட்டுகிற கம்பு, நேராக, மெல்லிசாக இருக்கும். சவுக்கு மட்டும் வெட்டுகிறவருக்கு 50 சிசியே தேவையில்லை. 35 சிசிக்குள் ஒரு சின்ன மெஷின் போதும், தோளும் தப்பும். புளியும் காய்ந்த முந்திரித் தூரும் எஞ்சினின் தெம்பைக் கேட்கும். தென்னை வேறு ரகம். வெளிவட்டம் இரும்பு, உள்ளே சோறு. நார் வந்து ஸ்பிராக்கெட் மூடிக்குள் சுற்றிக்கொண்டு அடைக்கும். அரை மணிக்கு ஒரு தடவையாவது மூடியைக் கழற்றித் தட்டாவிட்டால் கிளட்ச் சூடேறிவிடும். வாகை அறுக்கிறவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் தும்மலை நிறுத்தவே விடாது.

ஆக, விறகு வெட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது ராட்சச மெஷின் அல்ல. இருந்தும் கடையில் நம் கண் போவது எதன் மேல்? "58 சிசி, 22 இஞ்ச்" என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மெஷின் மேல்தான். ஆன்லைனிலும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது, விலையும் பெரிய கம்பெனி மெஷின்களின் விலையில் ஒரு சின்னப் பங்கு. அந்த 58இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பெரும்பாலும் 5800 என்ற மாடல் எண்ணிலிருந்து எடுத்தது. பெட்டிக்குள் இருக்கும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். சிலிண்டர் விட்டம் 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. என்று போட்டிருந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 54.5 சிசிதான் வரும். மூன்றரை சிசி குறைந்ததால் குடி முழுகிப் போகாது. ஆனால் வெளியே எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் அவ்வளவு தூரம் என்றால், கண்ணுக்குத் தெரியாத பேரிங், பிஸ்டன் ரிங், ஆயில் பம்ப் சமாச்சாரங்களில் எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மலிவு மெஷின்களில் நல்லபடியாக ஓடுகிறதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மூட்டை கட்டி வைப்பவர்கள், கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள், அதை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். அவற்றின் உதிரி பாகங்களும் மலிவு, ஒன்றின் கார்புரேட்டர் இன்னொன்றில் பொருந்திவிடும். ஆனால் பொருந்துவது போல இருந்து பொருந்தாமல் போவதும் அவற்றில்தான். தினமும் ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது கட்டாது.

சிசி மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரே கம்பெனியின் இரண்டு மெஷின்களையே காட்டலாம். (இது விளம்பரம் அல்ல; இந்தப் பக்கத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.) ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 271, எம்எஸ் 261 இரண்டும் 50.2 சிசி. முன்னதன் சக்தி 2.6 கிலோவாட், எடை 5.6 கிலோ. பின்னது 3 கிலோவாட், எடை 4.9 கிலோ. சிலிண்டர் கொள்ளளவு துளி மாறவில்லை. பின்னது எடையில் முக்கால் கிலோ போலக் குறைவு, சக்தியிலோ கூடுதல். முன்னது பண்ணைக்காரருக்கு, பின்னது தொழில்முறை வெட்டுக்காரருக்கு. விலை வித்தியாசமும் அதற்கேற்ற மாதிரி. சொந்த உபயோகத்துக்கு விறகு வெட்டுகிறவருக்கு முன்னதே தாராளம். அதே கம்பெனியின் எம்எஸ் 250 இன்னும் கொஞ்சம் கீழே நிற்கிறது: 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. ஹஸ்க்வர்னாவின் 450 கிட்டத்தட்ட இவற்றுக்கு நடுவே: 50.2 சிசி, 2.4 கிலோவாட், 4.9 கிலோ. சீமைக் கருவேலத்துக்கு இவற்றில் எது கிடைத்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே சிசியைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "எத்தனை கிலோவாட், எத்தனை கிலோ?" என்று இருக்கட்டும். இந்த எடையெல்லாம் பார், செயின், பெட்ரோல், ஆயில் இல்லாமல் சொல்லும் எடை என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாம் ஏற்றிக் கையில் தூக்கும்போது ஒன்றரைக் கிலோவாவது கூடிவிடும்.

பார் நீளம் அடுத்த மயக்கம். நம் ஆட்கள் அதை பிளேடு என்பார்கள். நீளம் கூடக் கூட வேலை வேகமாக நடக்கும் என்று ஒரு நினைப்பு. நடப்பது என்னவோ எதிராகத்தான். செயின் நீளும், பல் கூடும், அத்தனை பல்லையும் இழுக்கிற பாரம் அதே எஞ்சின் தலையில் விழும். முனையும் கைக்கு வெகு தூரத்தில் போய்விடும். முள்ளுக்காட்டுக்குள் அது எதில் இடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. 16 இஞ்ச் பாரை வைத்துக்கொண்டு தடியின் இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் இரண்டடிப் பருமன் கட்டையும் துண்டாகிவிடும். வருடத்துக்கு ஒரு புளியமரம் விழுகிற வீட்டில் அதற்காக 22 இஞ்ச் பாரை வருடம் முழுதும் சுமப்பானேன்?

இனி செயின். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுத ஆசைப்படுவது இதைப் பற்றித்தான். மெஷின் வாங்கினவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். மரத்தை அறுப்பது எஞ்சின் அல்ல, அந்தப் பல்.

பல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு மரத்தூரில் வண்டின் புழு ஒன்றைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் தண்டிப் புழு, கட்டையை நார்ப்போக்கிலும் குறுக்கிலும் ஒரே சீராகக் குடைந்துகொண்டு போகிறது. அன்றைக்கிருந்த செயின்களில் கை ரம்பத்தின் பற்களையே வரிசையாகப் பதித்திருந்தார்கள். அது மரத்தைப் பிறாண்டும், சீக்கிரம் மழுங்கும், அரம் போட்டே பொழுது போகும். காக்ஸ் புழுவின் தாடையை உற்றுப் பார்த்தார். வளைந்த இரண்டு தாடை, ஒன்று இடப்புறம் வெட்டுகிறது, இன்னொன்று வலப்புறம். அதே வளைவில் இடப்பல், வலப்பல் என மாறி மாறிப் பதித்து ஒரு செயின் செய்தார். அடுத்த வருடம் போர்ட்லண்டில் கம்பெனி. இன்றைக்கு நம் ஊர் ஹார்டுவேர் கடையில் தொங்கும் ஓரிகான் செயின் அந்தக் கம்பெனியின் வாரிசுதான். யார் செய்த செயினானாலும் பல்லின் அடிப்படை அந்தப் புழுவின் தாடைதான்.

உங்கள் செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கையுறை போட்டுக்கொண்டு). ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும். அது வெட்டாது. பல் ஒரு முறைக்கு எவ்வளவு ஆழம் மரத்தைக் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. பல்லின் உச்சிக்கும் திமிலின் உச்சிக்கும் நடுவே 0.65 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். பல்லை அரம் போட்டுப் போட்டு அது தேய்ந்து தாழ்ந்துவிடும். திமில் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. "நேற்றுதான் அரம் போட்டேன், இன்றைக்கு அறுக்கவே மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தாரே ஒரு வாசகர், அவர் பார்க்க வேண்டிய இடம் இது. மூன்று நான்கு தடவை அரம் போட்டால் ஒரு தடவை தட்டை அரத்தால் திமிலையும் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு தகட்டு அளவு விற்கிறது, மலிவுதான். ஆர்வக் கோளாறில் திமிலை அதிகம் தேய்த்துவிட்டால் பல் மரத்தைக் கடித்துக்கொண்டு மெஷின் துள்ளும்.

அரம் உருண்டை அரம். அதிலும் செயினுக்குச் செயின் அளவு மாறும். நடுத்தர மெஷின்களில் பரவலாக இருக்கும் .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம், சின்ன மெஷின்களின் செயினுக்கு 4 மி.மீ. இருக்கிற அரத்தை வைத்துச் சமாளிப்பது சிக்கனம் இல்லை, பல்லின் வளைவையே அழித்துவிடும். பல்லின் மேல் தட்டில் கம்பெனியே ஒரு சாய்கோடு போட்டிருக்கும், பெரும்பாலும் 30 டிகிரி. அந்தக் கோட்டுக்கு இணையாக, உள்ளேயிருந்து வெளியே, ஒரே திசையில் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே தள்ளு. 18 இஞ்ச் பாரில் ஓடும் 72 இணைப்புச் செயினில் 36 பல், பக்கத்துக்கு 18. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மெஷினைத் திருப்பி அடுத்த பக்கம். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் அழுத்தமாக விழும், மறு பக்கம் லேசாக விழும். அறுக்கும்போது வெட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனால் காரணம் அதுதான்.

கூர் இருக்கிறதா என்று பார்க்கப் பல்லைத் தடவ வேண்டாம், மெஷின் துப்புவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரித் தூளாகப் பறந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மழுங்கின செயினை எஞ்சின் பலத்தால் அழுத்தி ஓட்டுவது மொட்டை அரிவாள்மனையில் வாழைப்பூ அரிகிற கதைதான். பார் நீலம் பாய்ந்து வளையும், கிளட்ச் தேயும், பெட்ரோல் குடிக்கும், கடைசியில் பழி மெஷின் மேல் விழும். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் பல்லுக்கு இரண்டு தள்ளு போட்டுவிடுங்கள். காலையில் கூராக்கி மாலைவரை ஓட்டுவது கரம்பை மண்ணில் நடக்காத காரியம்.

வாங்கும்போதே செயினில் ஒரு விஷயம் கேட்டு வாங்கலாம். பல்லின் மூலை சதுரமாக இருக்கும் செயின் சுத்தமான மரத்தில் பறக்கும், மண் பட்டால் சடுதியில் மழுங்கும். மூலை சற்று உருண்டிருக்கும் செயின், அதை செமி சிசல் என்பார்கள், வேகம் ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் மண்ணையும் தூசியையும் தாங்கும். சீமைக் கருவேலத்துக்கும் தென்னைக்கும் இரண்டாவதுதான் தோது. வேலியோர மரமானால் இன்னொரு எச்சரிக்கை. பழைய முள்கம்பியை மரம் விழுங்கி வைத்திருக்கும், வேம்பிலும் புளியிலும் ஆணி புதைந்திருக்கும். பட்டையில் கறுத்த வடுவோ விசித்திரமான புடைப்போ தெரிந்தால் அரையடி தள்ளி அறுங்கள்.

தரையில் கிடக்கும் தடியை ஒரே மூச்சில் அடிவரை அறுக்காதீர்கள். முக்கால் பங்கு மேலிருந்து அறுத்துக்கொண்டே போய்விட்டு, தடியைப் புரட்டிப் போட்டு மிச்சத்தை முடித்தால் செயின் மண்ணைத் தொடாது. மெல்லிய கம்புகளை ஒவ்வொன்றாக அறுத்துச் சாக வேண்டாம். இரண்டு ஜோடி முளை அடித்து நடுவே அடுக்கி, இறுக்கிக் கட்டி, கட்டோடு ஒரே வெட்டு. தடி செயினைக் கவ்விக்கொண்டால் மெஷினைப் பிடுங்கப் பார்க்காமல் வெட்டில் ஓர் ஆப்பைத் தட்டுங்கள். மரத்தில் செய்த ஆப்பு போதும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் 36 பல்லும் போச்சு.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக. செயினுக்கு ஊற்றுவது வேறு, பெட்ரோலில் கலப்பது வேறு. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதில் இரும்புத் துகள் மிதக்கும்; பம்பையும் பாரையும் அது அறுக்கும். பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். அது அப்படியே இருந்தால் பாரின் எண்ணெய்த் துளை தூளில் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலுக்கு நல்ல டூ-டி ஆயில், கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. "கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே" என்று கேட்காதீர்கள். புகைக்கும், பிளக் கறுக்கும். குறைத்து ஊற்றினால் பிஸ்டன் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பரமக்குடிப் பக்கம் மரம் அறுக்கும் மெஷின்கள் மட்டுமே பழுது பார்க்கிற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெஞ்சு நிறையக் கார்புரேட்டர்கள் கிடந்தன. "அண்ணே, ஓடிக் கெட்டு என்கிட்ட வர்றது கம்மி. சும்மா கிடந்து கெட்டு வர்றதுதான் ஜாஸ்தி" என்றார். கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளிருந்த ரப்பர் டயஃப்ரத்தை எடுத்து மேஜை மேல் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது. ரப்பருக்கு அந்தச் சத்தம் வரவே கூடாது. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். மழைக்காலத்தில் மூன்று மாதம் டேங்கில் பெட்ரோலோடு மூலையில் கிடந்த மெஷின் தையில் கயிற்றை இழுத்தால் இருமக்கூடச் செய்யாது. இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். பருவம் முடிந்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, ஐடிலில் விட்டு, தானாக அணையும்வரை ஓட்டுங்கள். அவர் சொன்ன வைத்தியம் அவ்வளவுதான், இலவசமும் கூட.

உதிரி பாகக் கடை அருகில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். டயஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் கயிறு, ஏர் ஃபில்டர், ஸ்பிராக்கெட், செயின்: இந்த ஐந்தும் தேயத்தான் செய்யும். மெஷினுக்குக் காசு கொடுக்கும் முன் அதே கடையில் "இதற்கு டயஃப்ரம் கிட் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "சொல்லி வைத்தால் வரும்" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

கடையிலேயே மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளிப் பிரேக் போட்டால் ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் செயின் அசையக் கூடாது (ஒரு நொடி போதும், பிரேக்கோடு முறுக்கிக்கொண்டே நிற்க வேண்டாம்). ஓர் அட்டைக்கு மேலாக முனையைப் பிடித்து முறுக்கினால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். அதிர்வு நேராகக் கைக்கு வருகிற மெஷினை வருடக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப் போகிற நோய் வரும். முற்றினால் போகாது.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் சைலன்சரின் திருகுகளைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் பேரம் பேசலாம். நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

விபத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. முழு வேகத்தில் செயின் விநாடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 70 கிலோமீட்டர். பாரின் மூக்கில் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் எகிறி முகத்துக்கு வரும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். முள்ளுக்காட்டில் மறைந்திருக்கும் கிளையில் மூக்கு இடிப்பது சர்வ சாதாரணம். இடது கைக் கட்டை விரல் முன் கைப்பிடியைச் சுற்றி இறுகியிருக்க வேண்டும், முகம் பாரின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, தோளுக்கு மேல் மெஷினைத் தூக்கக் கூடாது. லுங்கியும் தோள் துண்டும் வேண்டாம், செருப்பு கூடவே கூடாது. வெயிலில் தடித்த பேண்ட் போட்டால் வெந்து போகும் என்பது தெரியும்; காலையில் ஆறிலிருந்து பத்துவரை அறுத்துவிட்டு நிறுத்துங்கள். சத்தம் 100 டெசிபலைத் தாண்டுகிறது, காதுக்கு அடைப்பான் வேண்டும். சூடான மெஷினில் பெட்ரோல் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். சித்திரை வெயிலில் டேங்குக்குள் ஆவி அழுத்தம் ஏறிப் பீச்சியடிக்கும்; சைலன்சரோ பழுக்கக் காய்ந்திருக்கும். பத்து நிமிடம் நிழலில் ஆறவிடுங்கள், மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். வெட்டுகிற இடத்தில் இன்னொருவர் இருக்கட்டும், ஆனால் விழும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால்.

புயலில் விழுந்த மரம் தனிக் கதை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைப் படுக்க வைத்தபோதும், வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் இந்த மெஷின்கள் வந்து இறங்கின. சாய்ந்து இன்னொன்றில் முட்டுக் கொடுத்து நிற்கும் மரத்துக்குள் விசை அடைந்து கிடக்கும். எந்தப் பக்கம் இழுபடுகிறது, எந்தப் பக்கம் அமுங்குகிறது என்று பார்க்கத் தெரியாமல் அறுத்தால் தடி தெறிக்கும், வேரோடு பெயர்ந்து நிற்கும் மண்கட்டி திடீரென்று பழைய குழிக்கே திரும்பி உட்காரும். புதிதாக மெஷின் வாங்கியவர்கள் அந்த வேலையில் இறங்க வேண்டாம். கூலி கொடுத்தே செய்யுங்கள்.

வெட்டும் முன் அனுமதி பார்த்துக்கொள்ளுங்கள். புறம்போக்கில் நிற்கும் சீமைக் கருவேலம் ஊர்ச் சொத்து. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சந்தனம் பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மலைப்பகுதி வாசகர்களுக்கு 1955ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

கல்யாண மண்டபங்களுக்கு விறகு போடும் அந்தக் கடைக்காரருக்கு என் யோசனை வேறு: நீங்கள் பெட்ரோல் மெஷினே வாங்காதீர்கள். கடையில் கரண்ட் இருக்கிறது, மரம் உங்களைத் தேடி வருகிறது. 1,800 வாட்ஸ் பக்கம் ஒரு மின்சாரச் செயின்சா, 16 இஞ்ச் பார். சத்தம் பாதி, டூ-டி ஆயில் இல்லை, கார்புரேட்டரே இல்லை. ஒயரை மட்டும் தடிமனாக, குட்டையாக வாங்குங்கள். மெல்லிய ஒயரை ஐம்பதடி இழுத்தால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் கருகும். இன்னொன்றும், வாங்குகிறவர்கள் சார்பாக. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தண்ணீர். மெஷினுக்குப் பச்சை மரம்தான் சுலபம் என்பதால் பச்சையிலேயே துண்டு போட்டுக் காயவையுங்கள், சரி. அதைக் காயுமுன்பே எடை போட்டு விற்காதீர்கள்!

வீட்டு அடுப்புக்கும் வெந்நீருக்கும் மட்டும் விறகு எடுப்பவர்கள், வருடத்தில் ஓரிரு டன் தாண்டாதவர்கள், மெஷின் வாங்கவே வேண்டாம் என்பேன். மெஷினோடு வருகிற ஆளை ஒரு நாள் கூப்பிட்டு முடித்துவிட்டு, கோடாலியை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த மகளிர் குழுவின் கடிதம். கரிமூட்டத்துக்கு மரம் வெட்ட ஆண்களை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, நாங்களே மெஷின் பிடிக்க முடியுமா, கயிறு இழுக்கப் பலம் வேண்டுமாமே என்று கேட்டிருக்கிறார்கள். முடியும். 45 சிசி பக்கம், 4.6 கிலோவுக்கு மேல் போகாத மெஷின், 16 இஞ்ச் பார், செமி சிசல் செயின் இரண்டு. ஸ்பிரிங் உதவியோடு சுலபமாக ஸ்டார்ட் ஆகிற வகை சில கம்பெனிகளில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை, மெதுவாக இழுத்தாலே பிடிக்கும். மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடி வளையத்துக்குள் வலது கால் முனையை ஊன்றி, பிரேக் போட்டு இழுங்கள். ஒருவரே முழு நாளும் பிடிக்காமல் ஒரு டேங்குக்கு ஓர் ஆள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மெஷின் கைமாறும்போது புதிதாகப் பிடிக்கிறவர் முதலில் அரத்தை எடுக்கட்டும். குழுவில் இரண்டு பேராவது அரம் போடக் கற்றுக்கொண்ட பிறகு மெஷினுக்குப் பணம் கட்டுங்கள். கடன் எடுத்து வாங்குவதானால் விண்ணப்பத்தில் மெஷின் விலையோடு இரண்டு ஜோடி பூட்ஸ், கண்ணாடி, காது அடைப்பான், உருண்டை அரம் அரை டஜன் ஆகியவற்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்